யாருக்கு இழப்பு?

எங்கள் வீட்டு மேசை இழுப்பறையில், பாஸ்போர்ட்டுகளுக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் நடுவே, ஒரு கடிதம் இருக்கிறது. 2020 பிப்ரவரியில் வந்தது. மகளின் படிப்புக்காக என் பெயரில் இருந்த கடன் முழுவதும் தீர்ந்துவிட்டது என்று இரண்டே வரியில் சொல்லும் கடிதம்.

அவள் 2013இல் கல்லூரியில் சேர்ந்தாள். அமெரிக்க அரசின் கல்விக்கடனில் மாணவர் தம் பெயரில் வாங்கக்கூடிய தொகைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் தேவைப்படுவதைப் பெற்றோர் தம் பெயரில், 'பேரண்ட் பிளஸ்' என்ற கடனாக வாங்கலாம். வட்டி ஆண்டுக்கு ஆண்டு மாறும். எங்களுக்கு 6, 7 சதவீதம் என்று வந்தது. நான்கு ஆண்டுகளில் 48,000 டாலர் சேர்ந்தது. கடன் கழுத்தில் கிடந்தால் எனக்கு உறக்கம் வராது. மன்னார்குடிப் பக்கம் அப்பா விட்டுப்போன ஆறு மா நிலத்தை 2019 கடைசியில் விற்றேன். அந்தப் பணம் இங்கு வந்து சேர்ந்ததும் ஒரே தவணையில் கட்டினேன்.

அடுத்த மாதம் கொரோனா. 2020 மார்ச் 13 முதல் அரசின் கல்விக்கடன்களுக்கு வட்டியும் தவணையும் நிறுத்திவைக்கப்பட்டன. அந்த நிறுத்தம் மூன்றரை ஆண்டு நீடித்தது. அந்தத் தேதிக்குப் பிறகு விரும்பிக் கட்டியவர்கள் கேட்டால் பணம் திரும்பக் கிடைக்கும் என்றார்கள். நான் கட்டியது சில வாரங்களுக்கு முன்னால்.

2022 ஆகஸ்ட் 24 அன்று அதிபர் ஜோ பைடன் தள்ளுபடித் திட்டத்தை அறிவித்தார். தனியாள் வருமானம் ஆண்டுக்கு 1,25,000 டாலருக்கும், குடும்ப வருமானம் 2,50,000 டாலருக்கும் குறைவாக இருந்தால் 10,000 டாலர் தள்ளுபடி. ஏழை மாணவருக்கான 'பெல்' உதவித்தொகை பெற்றவர்களுக்கு 20,000 வரை. பேரண்ட் பிளஸ் கடனும் அதில் அடக்கம். ஏறத்தாழ 4 கோடி 30 இலட்சம் பேருக்குப் பொருந்தும், அதில் 2 கோடிப் பேருக்குக் கடன் முழுவதுமே தீர்ந்துவிடும் என்று அரசு சொன்னது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எடிசனில் நண்பர் வீட்டுப் பின்கட்டில் கூடியிருந்தோம். பேச்சு அங்கேதான் போனது. நான் சற்றே உரக்கச் சொன்னேன்: "நெலத்த வித்துக் கட்டினேன். எனக்கு யார் திருப்பிக் கொடுப்பா? கட்டினவன் முட்டாளா?" எல்லோரும் தலையாட்டினார்கள். பஜ்ஜித் தட்டோடு வந்த இளைஞன் ஒருவன் மட்டும் அப்படியே நின்றான். கூட்டத்தில் இருந்த ஒரு நண்பரின் மகன். தட்டை மேசையில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "அங்கிள், உங்களுக்கு விக்க நெலம் இருந்துது. எங்களுக்கு அதுவும் இல்ல."

அவன் அப்பா இங்கே ஓர் உணவகத்தில் சமையற்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அவன் சமூகப்பணியில் முதுகலை படித்துவிட்டு, வீடற்றோர் தங்கும் விடுதி ஒன்றில் வேலை பார்க்கிறான். பெல் உதவித்தொகை பெற்றுப் படித்தவன். அன்று அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. என் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது என்றுதான் அப்போதும் நம்பினேன். அந்த நியாயம் என்ன, அது யாரை நோக்கியது என்று யோசிக்கவே இவ்வளவு நாளானது.

திட்டம் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்குகளை நான் தினமும் படித்தேன். என்னைப்போல் கட்டி முடித்தவர்களின் குரல் அங்கே கேட்கும் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒருவர் வழக்குப் போட வேண்டுமானால், அரசின் செயலால் தனக்கு நேரடியான, திட்டவட்டமான இழப்பு உண்டு என்று காட்ட வேண்டும். அந்த இழப்பை நீதிமன்றத்தால் சரிசெய்யவும் முடிய வேண்டும். பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை என்பது இழப்பாகாது.

ஆகவே வழக்குத் தொடர்ந்தவர்கள் இழப்பைத் தேட வேண்டியிருந்தது. நெப்ராஸ்கா, மிசூரி, அயோவா, கான்சஸ், ஆர்கன்சா, தென் கரோலினா என்ற ஆறு மாநிலங்கள் ஒரு வழக்கைத் தொடர்ந்தன. அவற்றைக் காப்பாற்றியது மோஹெலா என்ற அமைப்பு. மிசூரி மாநிலம் 1981இல் உருவாக்கியது. கல்விக்கடன் கணக்குகளைப் பராமரித்துத் தவணை வசூலிப்பது அதன் தொழில். கடன்கள் தீர்ந்தால் கணக்குகள் குறையும், ஆண்டுக்கு 44 மில்லியன் டாலர் கட்டணம் போகும், அது மிசூரியின் இழப்பு என்று வாதிட்டார்கள். உச்ச நீதிமன்றம் ஏற்றது. மோஹெலா தனியாக வழக்காடும் உரிமை உள்ள அமைப்பு, அது வழக்குக்கே வரவில்லையே என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி எலினா கேகன் சுட்டிக்காட்டினார். பயனில்லை.

இன்னொரு வழக்கு டெக்சாஸிலிருந்து வந்தது. கடன் வாங்கிய இருவர் தொடர்ந்தது. ஒருவருடைய கடன் தனியார் வசம் இருந்ததால் அவருக்குத் தள்ளுபடியே இல்லை. மற்றவருக்கு 10,000தான், பெல் பெறாததால் 20,000 இல்லை. தங்கள் கருத்தைக் கேட்காமலே திட்டம் போட்டது தவறு என்பது அவர்கள் வாதம். அந்த வழக்கை ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தள்ளுபடி செய்தார்கள். தங்களுக்குக் கிடைக்காமல் போனதற்கும் மற்றவர்களுக்குக் கிடைப்பதற்கும் உள்ள தொடர்பை அவர்களால் காட்ட முடியவில்லை.

அதைப் படித்தபோது என் பின்கட்டுப் பேச்சு நினைவுக்கு வந்தது. அவனுடைய 20,000 டாலர் நின்றுபோனால் என் ஆறு மா நிலம் திரும்பி வருமா? சட்டம் அந்தக் கேள்வியைக் கேட்டு, இல்லை என்று முடித்துவிட்டது. ஆனால் சட்டம் வெளியே அனுப்பிய அதே மனக்குறை அரசியலில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தது. தொலைக்காட்சியிலும் தேர்தல் மேடையிலும் திட்டத்துக்கு எதிராக அதிகம் சொல்லப்பட்டது மோஹெலாவின் கட்டணம் அல்ல. 'ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு என்ன பதில்' என்பதுதான். வழக்கு மோஹெலாவின் பெயரால் வென்றது. அதற்கான அரசியல் ஆதரவு என் பெயரால் திரட்டப்பட்டது.

2023 ஜூன் 30 அன்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் திட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அன்று எனக்குள் ஒரு சின்ன நிம்மதி எழுந்ததை மறைக்க விரும்பவில்லை. அது எனக்கு ஏற்கெனவே பழக்கமான உணர்ச்சி. அப்பாவிடம் பார்த்திருக்கிறேன்.

2006 பொங்கலுக்கு முன் அப்பா கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடனைக் கட்டினார். அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. அந்த மே மாதம் ஆட்சி மாறியது. பதவியேற்ற நாளில் முதல்வர் கருணாநிதி கையெழுத்திட்ட ஆணைகளில் ஒன்று கூட்டுறவு விவசாயக் கடன் தள்ளுபடி. ஊரே கொண்டாடியது. அப்பா கட்டியது கட்டியதுதான். அவர் பெருந்தன்மையாக நடந்துகொண்டார் என்று எழுத ஆசை. உண்மை அப்படி இல்லை. பக்கத்து வயல்காரருக்குக் கடன் தீர்ந்தது. அவரோடு அப்பா அந்த ஆண்டு முழுக்கப் பேசவில்லை. பம்புசெட் தண்ணீர்கூட விடவில்லை. அந்த மனிதர் அப்பாவுக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. வளையலைச் சங்கத்தில் வாங்கி வைத்தவரும் அவரில்லை. ஆனால் சங்கத்தின் மேல் கோபப்பட வழியில்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் நிற்பவர் மேல் கோபப்படுவது எளிது.

இங்கே ஓர் எதிர்வாதத்தை நேர்மையாகப் பார்க்க வேண்டும். தீர்ப்பு வெறும் பொறாமைக்குக் கிடைத்த வெற்றி இல்லை. கடனைத் தள்ளும் அதிகாரம் யாருக்கு என்பது நல்ல கேள்வி. எனக்கு ஒருவர் தர வேண்டியதை நான் விட்டுக்கொடுக்கலாம். கோயில் பணத்தில் கொடுத்த கடனைத் தர்மகர்த்தா தன் விருப்பத்துக்குத் தள்ள முடியாது. பைடன் அரசு நம்பியிருந்தது 2003ஆம் ஆண்டின் ஹீரோஸ் சட்டத்தை. போர் அல்லது தேசிய நெருக்கடியில், கல்விக்கடன் விதிகளை 'விலக்கவோ மாற்றவோ' கல்வித்துறைச் செயலருக்கு அது அதிகாரம் தருகிறது. மாற்றம் என்றால் சிறு திருத்தம். 400 பில்லியன் டாலர் செலவாகக்கூடிய திட்டத்துக்குக் காங்கிரஸ் தெளிவாக அனுமதி தந்திருக்க வேண்டும் என்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதினார். நீதிபதி ஏமி கோனி பேரட் ஓர் உவமை சொன்னார்: பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த பெண்ணிடம் கிரெடிட் கார்டைக் கொடுத்து, அவர்களைச் சந்தோஷமாக வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போகிறோம், அவள் அவர்களை வெளியூர்க் கேளிக்கைப் பூங்காவுக்கு இரவு தங்கக் கூட்டிப்போனால் அதை நாம் அனுமதித்ததாகக் கொள்வோமா? கேகன் மறுத்தார்: நெருக்கடிக்காகவே காங்கிரஸ் விரிந்த சொற்களில் அதிகாரம் தந்தது, அதைச் சுருக்குவது நீதிமன்றத்தின் வேலையில்லை.

இரண்டையும் படித்த பிறகு, தர்மகர்த்தா தனியாக முடிவெடுக்கக் கூடாது என்ற வாதத்தில் எனக்குப் பாதிக்கு மேல் உடன்பாடுதான். ஒரு அதிபர் கையெழுத்தில் தருவதை அடுத்தவர் கையெழுத்தில் எடுத்துவிடலாம். சரி, முடிவெடுக்க வேண்டியது கோயிலின் சபை, அதாவது காங்கிரஸ். அந்தச் சபை இதுவரை என்ன செய்திருக்கிறது என்று பார்க்கப் போனேன். அங்கேதான் என் நிம்மதி கலைந்தது.

அமெரிக்காவில் ஒருவர் கடனில் மூழ்கினால் திவால் மனு கொடுத்து மீளலாம். தோற்றுப்போன கடைக்காரரும் மருத்துவமனைக் கட்டணத்தில் நொடிந்தவரும் மீளலாம். ஊதாரித்தனமாகச் சேர்த்த கிரெடிட் கார்டு கடன்கூடப் பொதுவாகத் தீர்ந்துவிடும். கல்விக்கடனும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. படித்து முடித்த கையோடு இளைஞர்கள் திவாலாகித் தப்பிவிடுவார்கள் என்ற அச்சம் 1970களில் பரவியது. அப்படிச் செய்தவர்கள் மிகச் சிலரே. ஆனாலும் 1976இல் காங்கிரஸ் ஒரு கதவைச் சாத்தியது: தவணை தொடங்கி ஐந்தாண்டு வரை, 'மிகையான துன்பம்' என்று நிரூபித்தால் ஒழியத் திவாலில் கல்விக்கடன் தீராது. 1990இல் ஐந்து ஏழானது. 1998இல் ஆண்டு வரம்பே போய், அரசுக் கடனுக்கு ஆயுள் முழுக்க என்றானது. 2005இல் தனியார் கல்விக்கடனும் சேர்ந்துகொண்டது. இதற்கிடையே 1991இல், அரசுக் கடனை வசூலிப்பதற்கான காலவரம்பும் நீக்கப்பட்டது. மனைவி, பிள்ளைகளுக்குத் தர வேண்டிய பராமரிப்புத் தொகை, சில வரிபாக்கிகள், மோசடியால் வந்த கடன் ஆகியவை நிற்கும் வரிசையில் படித்ததற்கான கடனும் நிறுத்தப்பட்டது.

மிகையான துன்பம் என்றால் என்ன என்று சட்டம் சொல்லவில்லை. 1987இல் நியூயார்க்கில் சமூகப்பணி முதுகலை படித்த ஒரு பெண்ணின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்று சோதனைகளை வகுத்தது: கடனைக் கட்டினால் அடிப்படை வாழ்க்கையே நடத்த முடியாது, அந்த நிலை நெடுங்காலம் நீடிக்கும், அவர் நேர்மையாகக் கட்ட முயன்றிருக்கிறார். அந்தப் பெண் தேறவில்லை. அவருக்குப் பின் வந்தவர்களிடம் சில நீதிமன்றங்கள் நம்பிக்கையின்மையே உறுதியாக வேண்டும் என்றுகூடக் கேட்டன. வாழ்வில் இனி வழியே இல்லை என்று ஒருவர் நிரூபித்தால்தான் கதவு திறக்கும்.

காரணம் இல்லாமல் இல்லை. வீட்டுக்கடன் கட்டாவிட்டால் வீட்டை எடுத்துக்கொள்ளலாம். படிப்பை எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே சட்டம் ஆளின் எதிர்காலத்தையே ஈடாக வாங்கிக்கொண்டது. தவணை தவறியவரின் சம்பளத்தில் 15 சதவீதம் வரை நீதிமன்ற ஆணை இல்லாமலே பிடிக்கலாம். 2005இல், முதுமையில் கிடைக்கும் சமூகப் பாதுகாப்புத் தொகையிலிருந்தும் பழைய கல்விக்கடனைப் பிடிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. பதினெட்டு வயதில் போட்ட கையெழுத்து எழுபது வயதிலும் துரத்தும்.

இன்னொரு எதிர்வாதம் என்னுடையதைவிட வலுவானது. கல்லூரிக்கே போகாத லாரி ஓட்டுநர், நாளை அதிகம் சம்பாதிக்கப்போகும் வழக்கறிஞரின் கடனுக்கு ஏன் வரி கட்ட வேண்டும்? இதற்குப் பாதிப் பதில்தான் என்னிடம் உண்டு. திட்டத்தில் வருமான வரம்பு இருந்தது. கடனாளிகளில் பலர் பட்டமே பெறாமல் இடையில் நின்றவர்கள்; அந்த லாரி ஓட்டுநரே அவர்களில் ஒருவராக இருக்கலாம். ஆனால் கட்டணத்தைத் தொடாமல் கடனை மட்டும் தள்ளினால் அடுத்த ஆண்டு சேரும் பிள்ளை மறுபடி அதே குழியில் விழும் என்பது உண்மை. அதை மறுக்க முடியாது. கொரோனா காலத்தில் சிறுதொழில் சம்பளப் பாதுகாப்புக் கடனாக ஏறத்தாழ 800 பில்லியன் டாலர் கொடுக்கப்பட்டு, பெரும்பகுதி தள்ளுபடியானது. அதைக் காங்கிரஸே சட்டமாக இயற்றியது, தள்ளுபடி என்று முதலிலேயே சொல்லித்தான் கொடுத்தது, இரண்டும் ஒன்றல்ல. ஆனால் அப்போது கடனே வாங்காத கடைக்காரருக்கு என்ன பதில் என்று எங்கள் பின்கட்டில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை? நம் மொழியிலேயே அதற்கு ஒரு காரணம் இருக்கலாம். கடன் என்றால் நமக்கு வாங்கிய பணம் மட்டுமில்லை, செய்ய வேண்டிய கடமையும் அதுதான். காலைக்கடன், நேர்த்திக்கடன், நீர்க்கடன் என்கிறோம். ஒருவன் கடனைத் தள்ளுகிறார்கள் என்றால் அவன் கடமையிலிருந்து நழுவுகிறான் என்றே காதில் விழுகிறது. வியாபாரி திவாலானால் நேரம் சரியில்லை என்கிறோம். படித்த பிள்ளை கட்ட முடியவில்லை என்றால் பொறுப்பில்லை என்கிறோம்.

என் மனக்குறையின் அடியில் கிடந்தது பணம் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அவன் கடன் தள்ளுபடியாகுமானால், நான் நிலத்தை விற்றிருக்க வேண்டியதில்லை என்றாகிவிடும். அதைத்தான் தாங்க முடியவில்லை. பட்ட பாடு வீண்பாடு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அதற்கு எளிய வழி, எல்லோரும் அதே பாட்டைப் பட வேண்டும் என்று கேட்பது. அப்பா தண்ணீர் விடாமல் செய்ததும் அதைத்தான். ஆனால் நிலத்தை விற்றது என் மகள் படிப்பதற்காக. அவள் படித்தாள். இன்னொருவன் கடன் தீர்ந்தாலும் தீராவிட்டாலும் அந்தப் பலன் மாறாது. அந்த விலை அநியாயம் என்றால், என் புகார் விலை வைத்தவர்கள் மேல். இருந்த வழிகளை ஒவ்வொன்றாக அடைத்தவர்கள் மேல். அந்த இளைஞனின் புகாரும் அவர்கள் மேல்தான். அவன் வழக்கில் நான் சாட்சியாகப் போயிருக்க வேண்டியவன். எதிர்த்தரப்பில் உட்கார்ந்திருந்தேன்.

அவன் கதை இன்னும் முடியவில்லை. பொதுநலப் பணியில் இருப்பவர் 120 மாதத் தவணை கட்டினால் மிச்சத்தைத் தள்ளும் சட்டம் 2007இலிருந்து இருக்கிறது. 2024 கோடையில் அவன் கணக்கில் 82 மாதங்கள் சேர்ந்திருந்தன. அவன் சேர்ந்திருந்த 'சேவ்' என்ற தவணைத் திட்டத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்போது நிறுத்தியது. அதில் இருந்த ஏறத்தாழ 80 இலட்சம் பேரின் தவணைகள் உறைந்தன. உறைந்த மாதங்கள் கணக்கில் சேரவில்லை. 2025 ஜூலையில் காங்கிரஸ் இயற்றிய சட்டம் அந்தத் திட்டத்தை 2028க்குள் முடித்துவைக்கிறது. அதன் இடத்தில் வரும் புதிய திட்டத்தில் தள்ளுபடிக்கு 30 ஆண்டு கட்ட வேண்டும். ஆகஸ்டில் வட்டி மறுபடி ஏறத் தொடங்கியது. வேறு திட்டத்துக்கு மாற அவன் கொடுத்த விண்ணப்பம் மாதக்கணக்கில் வரிசையில் கிடக்கிறது.

இந்தத் தீபாவளிக்கு அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்று ஆண்டுக்கு முன் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு நினைவிருந்தது. "விடுங்க அங்கிள்," என்றான். அது அவன் தள்ளக்கூடிய கடன், தள்ளிவிட்டான். பிறகு மடிக்கணினியைத் திறந்து தன் கணக்கைக் காட்டினான். எண் 82இலேயே நின்றிருந்தது. எங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்றேன். கட்டி முடித்தவன் எழுதுவதாக இருக்கட்டும் என்றேன். "எழுதினா படிப்பாங்களா?" என்று கேட்டான். தெரியவில்லை. அன்றிரவு இழுப்பறையைத் திறந்து அந்த இரண்டு வரிக் கடிதத்தை நகலெடுத்தேன். அதோடு இணைத்து அனுப்புவதற்கு.